பாம்பனில் உட்கார்ந்து வெஸ்ட்பேலியா படிப்பது

கச்சத்தீவைப் பற்றிப் பேசாத டீக்கடை ராமேஸ்வரம் தீவில் கிடையாது. ஆனால் அந்தத் தீவை இலங்கைப் பக்கம் விட்ட 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஒருமுறையாவது முழுதாகப் படித்த ஒருவரை அந்தக் கடைகளில் நான் இதுவரை பார்த்ததில்லை. மொத்தமே எட்டுப் பிரிவுகள். டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம் என்கிறது ஐந்தாம் பிரிவு. இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் வழிவழியாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது ஆறாம் பிரிவு. இதைப் படித்ததும் 'அப்படியானால் நம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம்?' என்று கொதிப்பு வரும். வரட்டும். அதோடு நிறுத்தாமல், 1976 மார்ச் 23 அன்று இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதத்தையும் படிக்க வேண்டும். ஒரு நாட்டு மீனவர்கள் மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. முதல் ஒப்பந்தம் கொடுத்ததை இந்தக் கடிதம் பறித்துவிட்டதா, மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் இரு நாட்டு எல்லையை வகுத்தபோது எழுதிய கடிதம் கச்சத்தீவு இருக்கும் பாக் நீரிணையைக் கட்டுப்படுத்துமா என்பதில்தான் சட்டம் தெரிந்தவர்கள் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். நம் மேடைகளில் இந்த மோதல் காதில் விழாது. 'தாரை வார்த்துவிட்டார்கள்' என்பதோடு கைதட்டல் விழுந்து கூட்டம் கலைந்துவிடும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். உலக வரலாறும் சர்வதேச உறவுகளும் படிக்க வேண்டும் என்கிறாள். வீட்டில் ஆளாளுக்கு எதிர்ப்பு. நர்சிங் படி, பி.காம். படி, அது என்ன வேண்டாத படிப்பு என்கிறார்கள். அவளுடைய மாமா என்னிடமே வந்து, "நீயும்தான் தில்லிக்குப் போய் அதைப் படித்தாய். என்ன கண்டாய்?" என்றார். அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. இந்தப் பதிவில் பாதி அவருக்கான பதில்.

முதலில் படிப்பின் குறையைச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச உறவுகள் வகுப்பில் உட்கார்ந்தால் முதல் வாரமே 1648 வந்துவிடும். ஜெர்மனியில் வெஸ்ட்பேலியா என்ற பகுதியில் முப்பதாண்டுப் போரை முடித்து உடன்படிக்கை செய்தார்கள், இறையாண்மை கொண்ட நாடுகளின் உலகம் அங்கே பிறந்தது என்று தொடங்குவார்கள். அடுத்து 1815 வியன்னா, 1919 வெர்சாய், பனிப்போர் என்று வண்டி ஐரோப்பாவுக்குள்ளேயே ஓடும். கீழக்கரையிலிருந்தோ தொண்டியிலிருந்தோ போகும் மாணவனுக்கு, யாரோ ஒருவர் வீட்டுச் சொத்துத் தகராறை மனப்பாடம் செய்வதுபோல இருக்கும். நான் படித்தபோதும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் அதே 1648ஐ நம் கரையிலிருந்து பார்த்தால் கதை வேறு. ஸ்பெயினிடமிருந்து பிரிந்த நெதர்லாந்தை ஸ்பெயினே தனி நாடாக ஒப்புக்கொண்டது அந்த ஆண்டு உடன்படிக்கைகளில்தான். அது நடந்து பத்தே ஆண்டில், 1658இல், அந்த நாட்டின் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. முத்தும் சங்கும் விளையும் கடலின் இரு கரைகளிலும் டச்சுக்காரன் வந்து உட்கார்ந்துவிட்டான். நடுவில் பாம்பன் வாய்க்காலைக் கையில் வைத்திருந்தவர் ராமநாதபுரத்து மன்னர் சேதுபதி. அவரோடு கம்பெனி ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாகப் போட்டது. எந்தப் பொருளை யாருக்கு விற்கலாம், எந்தக் கலம் எந்த வழியாகப் போகலாம் என்பதெல்லாம் பேரம். கீழக்கரைப் பெரியதம்பி மரக்காயர், நாம் சீதக்காதி என்று பாட்டில் கேட்ட அதே வள்ளல், டச்சு ஆவணங்களில் கம்பெனிக்குத் தலைவலி கொடுத்த பெருவணிகராக வருகிறார். செத்தும் கொடுத்தவர் என்று மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது சேதுபதிக்கும் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கும் நடுவில் நின்று அரசியல் நடத்தியவர் அவர். அதை டச்சுக் காகிதங்களிலிருந்து தோண்டி எடுத்தவர் சின்னப்பா அரசரத்தினம். யாழ்ப்பாணத் தமிழர், மலேயாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பேராசிரியராக இருந்தவர். இந்தப் பக்கத்தில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பெரியபட்டினத்துக் கதையும் இதே ரகம்தான். 1980களின் பிற்பகுதியில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. பாசிப்பச்சை மெருகு பூசிய ஓடு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். விளிம்பில் விரலை ஓட்டினால் கண்ணாடி மாதிரி வழுக்கும், உடைந்த பக்கம் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும். லாங்சுவான் சூளைகளில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சுட்ட வகை அது. அவற்றைப் பிரித்துப் பார்த்து, எந்தச் சூளை, எந்தக் காலம் என்று எழுதியவர்களில் முக்கியமானவர் நொபொரு கராஷிமா. ஜப்பானியர். தமிழ் கற்று, சோழர் கல்வெட்டுகளை எழுத்தெழுத்தாக வாசித்த மனிதர். தோக்கியோவிலிருந்து ஒருவர் தமிழ் படித்துக்கொண்டு நம் ஊர் மண்ணுக்கு வந்தார். நம் ஊரிலிருந்து ஒருவர் சீனமோ பாரசீகமோ டச்சோ படித்துவிட்டு அந்தப் பக்கம் போனதாகத் தெரியவில்லை. எனக்கு இது கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

சரி, பழங்கதை போதும். மண்டபத்துக்கு வாருங்கள்.

மண்டபம் முகாம் இருக்கும் இடம் வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய முகாம். தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை அங்கே நாள்கணக்கில் தங்கவைத்து, அம்மையோ காலராவோ இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏற்றினார்கள். புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்துச் சனம் பெட்டி படுக்கையோடு அந்தக் கொட்டகைகளில் காத்துக் கிடந்தது. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு குடியுரிமைச் சட்டம் வந்தது. தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலையகத்து மனிதர் எவரையும் மேசைக்கு அழைத்து 'உனக்கு எங்கே இருக்க விருப்பம்?' என்று கேட்கவில்லை. 1964 ஒப்பந்தம் ஆன இரண்டே மாதத்தில் புயல், கப்பல் துறையாக இருந்த தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனதால், திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். மண்டபத்தில் தங்கவைத்து, நீலகிரிக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள்.

1983க்குப் பிறகு அதே இடத்துக்கு அகதிகள் வந்தார்கள். 2022இல் இலங்கையில் பொருளாதாரம் குப்புற விழுந்தபோது, கைக்குழந்தையோடு படகேறி தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்களும் அங்கேதான் போனார்கள். அகதிகள் குறித்த 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே முகாமில் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவருக்கும் 'அகதி' என்ற சட்ட நிலைகூடக் கிடையாது, அரசாங்க உத்தரவுகளின் தயவில்தான் எல்லாம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. 2021இல் தமிழக அரசு பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் கௌரவமாக இருக்கிறது, குடியுரிமைக் கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

குடிபெயர்வு, நாடற்ற நிலை, அகதிச் சட்டம் என்று பல்கலைக்கழகத்தில் தனித்தனித் தாளாக நடத்துவார்கள். மூன்றும் ஒரே இடத்தில், பஸ்ஸை விட்டு இறங்கினால் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. நம் மாவட்டத்துக் கல்லூரி வரலாற்றுத் துறைகள் சுற்றுலாவுக்கு மைசூருக்கு வண்டி பிடிக்கின்றன.

கடல் அட்டை என்ற கடலடி உயிரினத்தையும் சொல்ல வேண்டும். 2001இலிருந்து இந்தியாவில் அதைத் தொடக் கூடாது, வனவிலங்குச் சட்டத்தில் புலியோடு ஒரே பட்டியலில் இருக்கிறது. எதிர்க்கரையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைத்து வளர்க்கலாம். போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் சீனச் சந்தை. பொருளும் ஒன்று, கடலும் ஒன்று. இங்கே பிடித்தவன் ஜெயிலில் இருக்கிறான், அங்கே வளர்த்தவன் ஏற்றுமதியாளர். மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் இந்தக் கணக்கை யாராவது எழுதுவார்களா என்று பார்க்கிறேன். எழுத மாட்டார்கள்.

இனி சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த விசைப்படகு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். படகை இலங்கைக் கடற்படை பிடித்துப் போய்விட்டது. ஆட்கள் ஊர்காவற்றுறை நீதிமன்றம் வழியாகத் திரும்பி வந்துவிட்டார்கள், படகு வரவில்லை. காகிதங்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். படகுப் பதிவுச் சான்று, டீசல் மானியப் புத்தகம், மனுக்களின் நகல்கள். நடுவில் ஒரு தாள் சிங்களத்தில். "தம்பி, இதில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்" என்று நீட்டினார். எனக்குச் சிங்களம் தெரியாது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்திலும் படிக்க ஆள் இல்லையாம்.

அவர் நஷ்டம் உண்மை. கடன் உண்மை. அதே அளவுக்கு உண்மையான இன்னொரு விஷயம், எதிர்க்கரையில் வலை அறுபட்டு நிற்பவரும் தமிழர்தான் என்பது. போர்க்காலத்தில் இலங்கையின் வடக்கு மீனவர்களைக் கடலுக்குள் விடவில்லை. அந்த ஆண்டுகளில் நம் பக்கம் கடலடியை வழித்து இழுக்கும் இழுவைமடிப் படகுகள் பெருகின, அவர்கள் கடலில் போய் அரித்தன. 2009க்குப் பிறகு அவர்கள் வலையோடு திரும்பி வந்தபோது நாம் அங்கே நின்றுகொண்டிருந்தோம். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடைசெய்தது. நம் நாட்டுப்படகு மீனவர்களிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், இழுவைமடியைப் பற்றி யாழ்ப்பாணத்துக்காரர் சொல்வதையேதான் அவர்களும் சொல்வார்கள். துப்பாக்கிச் சூட்டையும் அடி உதையையும் இது நியாயப்படுத்தாது. ஆனால் 'சிங்களக் கடற்படை எதிர் தமிழ் மீனவன்' என்ற ஒற்றை வரியில் இந்தக் கதை அடங்காது. என்னை அந்த ஒற்றை வரியிலிருந்து வெளியே கொண்டுவந்தது அந்த 'வேண்டாத படிப்பு'தான். எதிராளியின் காகிதத்தையும் எடுத்துப் படி, அப்புறம் கோபப்படு என்று பழக்கியது. கோபம் குறையவில்லை, யார்மேல் எவ்வளவு என்பது தெளிந்தது.

அந்தப் பெண்ணின் மாமாவுக்கு: வேலை என்று கேட்டால், கொட்டிக் கிடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். வெளியுறவுப் பணிக்கு ஆண்டுக்குச் சில பத்துப் பேரைத்தான் எடுக்கிறார்கள். ஆராய்ச்சி, பத்திரிகை, தொண்டு நிறுவனம், ஆசிரியர் வேலை என்று வழிகள் உண்டு, எல்லாம் மெதுவான வழிகள். பொறியியல் முடித்துவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்பதையும் அதே மூச்சில் எண்ணிக்கொள்ளுங்கள். இங்கேயே இளங்கலை வரலாறு படிக்கட்டும். முதுகலைக்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இருக்கிறது, சார்க் நாடுகள் சேர்ந்து தில்லியில் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே போய்ப் படிக்க இப்போதே ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதிப் பழக வேண்டும். தில்லியில் முதல் ஆறு மாதம் நான் திணறியது பாடத்தால் அல்ல, ஆங்கிலத்தில் வேகமாக எழுத வராததால்.

அதோடு ஒரு மொழி. டச்சு படித்தால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலேயே அந்தக் கம்பெனிக் காகிதங்களில் ஒரு பகுதி கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் நெதர்லாந்தின் ஹேக் வரை போக வேண்டியதில்லை. ஆனால் முதலில் படிக்க வேண்டியது சிங்களம் என்பேன். கொழும்பு நாடாளுமன்றத்தில் நம் படகுகளைப் பற்றி என்ன பேசுகிறார்கள், அங்குள்ள சிங்களப் பத்திரிகை என்ன எழுதுகிறது என்று நேரடியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கடற்கரையில் எத்தனை பேர்? இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. எதிரியின் மொழி என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் படித்துத்தானே ஆக வேண்டும்.

ஆசிரியரைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள், மலையகத்தில் சிங்களவரோடு வேலை செய்தவர்கள் என்று மண்டபம் முகாமிலேயே சரளமாகச் சிங்களம் பேசி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் மாவட்டத்துக் கல்லூரி ஏதாவது ஒன்று, மணிக்கு இவ்வளவு என்று மரியாதையான சம்பளம் கொடுத்து, வாரம் இரண்டு மாலை அவர்களை வகுப்பெடுக்கச் சொல்லலாம். அனுமதிக்கு மாவட்ட நிர்வாகத்திடம் மனு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். முன்வரும் கல்லூரி முதல்வர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், முதல் பெஞ்சில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.