பால் சாக்லேட்டும் ஹான்ஸ் ஸ்லோனும்: உண்மை என்ன?

"ஜமைக்காவில் பால் சாக்லேட்டைக் கண்டுபிடித்தவர் பிரிட்டிஷ் மியூசியம் உருவாகக் காரணமான மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன்" என்ற செய்தி மீண்டும் பகிரப்படுகிறது. இது தவறு.

1687-இல் அவர் ஜமைக்கா போனது உண்மை. ஆனால் கொக்கோவில் பால் சேர்த்துக் குடிக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. பிற்காலத்தில் வியாபாரிகள் சாக்லேட் பொட்டலங்களில் அவர் பெயரை அச்சிட்டு விற்றார்கள், கேட்பரியும் விற்றது. கதை அப்படித்தான் வேர்விட்டது.

அவர் சேர்த்தவை சுமார் 71,000 பொருட்கள்: உலர்ந்த செடிகள், நாணயங்கள், கையெழுத்துப் பிரதிகள். 1753-இல் அவர் இறந்தபின் பிரிட்டன் அவற்றை வாங்கியது. அவற்றைக் கொண்டு உருவான பிரிட்டிஷ் மியூசியம் 1759-இல் லண்டனின் மான்டகு மாளிகையில் மக்களுக்குத் திறந்தது. அந்தச் சேகரிப்புக்கு உதவிய பணத்தில் ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களின் வருமானமும் உண்டு. பகிர வேண்டியது அந்தச் செய்திதான்.