சனிக்கிழமைக் கணக்கும் ஒரு அரைப்பேரும்

"என்னடி, நன்றிக்கடன் தீர்க்கிறியா?" என்று போன வாரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கூடப் படித்த ஒருத்தி கேட்டாள். சனிக்கிழமைகளில் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் சொல்கிறாள். நல்ல மனசோடுதான் கேட்டாள், ஆனாலும் வீடு வரும்வரை அந்தக் 'கடன்' என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் ஏ.எல். (உயர்தரம்) படிக்கப் போன 2013இல் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபாய். கொடுப்பனவெல்லாம் சேர்ந்தால் 620, அதற்கும் மாதத்தில் 75 வீதம் வேலைக்குப் போயிருக்க வேண்டும், அம்மாவுக்கு மழைக்காலத்தில் ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் எல்லாம் போச்சு. எங்கள் பாடசாலையில் ஓ.எல். (சாதாரணதரம், பதினோராம் வகுப்பு) வரைதான். கணிதப் பிரிவு என்றால் டவுனுக்குப் போகணும், பஸ் காசு, டியூஷன் காசு... சரி, லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

அப்போதுதான் ஒரு தொண்டு நிறுவனம் மாதம் 2500 ரூபாய் தந்தது. பரீட்சை முடியும்வரை ஒரு மாதம்கூடத் தவறாமல் பேங்க் புத்தகத்தில் விழுந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு அக்கா வருவார். இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) பலகையில் உட்கார்ந்து அம்மா கொடுக்கும் சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அவர் கேட்கும் முதல் கேள்வி, "டியூஷனுக்குப் போக முன்னம் என்ன சாப்பிடுற?" மார்க்ஸ் பற்றிக் கடைசியில்தான் கேட்பார், சில நேரம் மறந்தே போவார்.

அதற்கு முன்பு எட்டாம் வகுப்பில் வேறொரு கூட்டம் வந்து எங்களுக்குப் புத்தகப்பை கொடுத்தது. போட்டோவில் அவர்கள் பெனர் சரியாக விழவில்லை என்று என்னிடமிருந்து பையைத் திரும்ப வாங்கி மூன்று தரம் கொடுத்தார்கள். மூன்றாவது தரம் சிரிக்கவும் சொன்னார்கள். அந்தப் பையின் ஜிப் இரண்டு மாதத்தில் போய்விட்டது (இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை).

உதவி வாங்கிய நமக்குத்தான் அது எந்த இடத்தில் குத்தும் என்று தெரியும். அதனால் படித்து வேலைக்குப் போனவர்கள் காசு அனுப்புவதோடு நிற்காமல் ஆளாகவும் வரவேண்டும் என்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை வேனில் வந்து கொப்பி கொடுத்துவிட்டுப் போவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். வாராவாரம் வருவதற்குத்தான் ஆளில்லை. நானும் பெரிய ஒழுங்கு கிடையாது. போன வருஷம் ஒஃபிஸ் வேலை, அப்புறம் மழை, அப்புறம் சும்மா சோம்பல் என்று மூன்று சனிக்கிழமை போகவில்லை. நாலாவது வாரம் போனபோது ஒரு சின்னவன், "மிஸ் இனி வரமாட்டீங்கன்னு நெனச்சோம்" என்றான். கோபமில்லாமல், பழகிப்போன குரலில் சொன்னான். அதுதான் சுட்டது.

வகுப்பு நடப்பது பழைய பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் அம்மாமார் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில். பின்னம் என்றாலே பயப்படுகிற ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், ரொட்டியைப் பிய்த்துக் காட்டியும் ஏறவில்லை. கடைசியில் கொழுந்துக் கணக்கில் இறங்கினேன். ஒரு பேருக்கு (ஒரு நாள் முழுச்சம்பளத்துக்கு) 16 கிலோ, உங்கம்மா 12 கிலோ பறித்தால் எவ்வளவு பங்கு? விரலை மடக்கினாள், கொப்பியில் கோடு போட்டாள், "நாலுல மூணு பங்கு மிஸ்!" என்று கத்தினாள். நானும் கைதட்டினேன். பிறகு கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "நாலுல மூணு பங்கு பறிச்சதுக்கு ஏன் மிஸ் அம்மாவுக்கு அரைப்பேர் போடுறாங்க?"

அந்தக் கணக்குக்கு என்னிடம் விடை இல்லை. பிள்ளை சரியாகத்தான் போட்டிருந்தாள்.

விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஹட்டன், கொட்டகலைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இரண்டு மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஒரு மாதம்தான் முடியும் என்றால் அதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். மெயின் ரோட்டிலிருந்து அரை மணித்தியாலம் நடை, மழை நாளில் அட்டை ஏறும், உப்பு நான் கொண்டு வருவேன்.