வேலிக்கு அந்தப் பக்கம் எதையும் எறியாதீர்கள்

அந்த வீடியோ நேற்றிலிருந்து எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறது. உகாண்டாவின் ங்காம்பா தீவில் இருக்கும் சிம்பன்சி காப்பகத்துக்கு நாம் போனபோது, நம்மில் ஒருவர் சிம்பன்சிக்கு பிஸ்கட் பாக்கெட் எறிந்த வீடியோதான். அதில் கத்துகிற குரல் என்னுடையதுதான். "ஒரு பிஸ்கட்டுக்கா இவ்வளவு?" என்று காலையிலிருந்து பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், ஒரு பிஸ்கட்டுக்குத்தான். ங்காம்பா தீவில் வேலிக்கு அந்தப் பக்கம் எதையும் எறியக் கூடாது.

என்டெபே நகரிலிருந்து 23 கிலோமீட்டர் விக்டோரியா ஏரிக்குள் போக வேண்டும். நிலநடுக்கோட்டைப் படகிலேயே தாண்டுவோம். அதைத் தாண்டும்போது எல்லோரும் கைதட்டி செல்ஃபி எடுத்தோம், நானும்தான் எடுத்தேன். அதுவரை நல்ல நாள். தீவு ஏறத்தாழ 100 ஏக்கர், முக்கால்வாசிக்கு மேல் காடு. 1998 முதல் அங்கே காப்பகம் நடக்கிறது. இருக்கிற ஐம்பது சொச்சம் சிம்பன்சிகளில் பெரும்பாலானவை குட்டியாக இருக்கும்போது கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப்பட்டவை. குட்டியைப் பிடிக்கத் தாயைக் கொல்வார்கள், தடுக்க வரும் மற்றவற்றையும் சேர்த்து. நாம் "சோ க்யூட்" என்று போட்ட படத்தில் இருப்பவை அப்படி வந்தவை.

"அங்கே வேலை செய்கிறவர்களே மேடையிலிருந்து எறிகிறார்களே, நாங்கள் எறிந்தால் மட்டும் தப்பா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். அந்தக் காடு ஐம்பது சிம்பன்சிகளுக்குச் சோறு போடாது. அதனால்தான் பப்பாளி, பலா, கேரட், முட்டைக்கோஸ் என்று வேளை தவறாமல் கொடுக்கிறார்கள். எதற்கு எது கிடைத்தது, எது இன்று கை நீட்டவில்லை என்று பராமரிப்பாளர் கண்ணாலேயே கணக்கு வைத்துக்கொண்டு எறிகிறார். பெரிய ஆண் பிடுங்கிக்கொண்டால் ஓரத்தில் இருப்பதற்குத் தனியாக ஒன்று போகும். ஒரு பெண் சிம்பன்சி, வேலிக்கு வெளியே விழுந்த கேரட்டை மின்கம்பியில் கை படாமல் குச்சியால் தள்ளித் தள்ளித் தன் பக்கம் இழுத்துக்கொண்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். நம் பிஸ்கட் பாக்கெட்டும் அப்படித்தான் உள்ளே போனது, பிளாஸ்டிக்கோடு.

அப்புறம் அந்த இருமல். எறிந்தவருக்கு இரண்டு நாளாகச் சளி. பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்துவிட்டு எறிந்தார். 2013இல் இதே உகாண்டாவின் கிபாலே காட்டில், 56 சிம்பன்சிகள் இருந்த கூட்டத்தில் ஐந்து செத்துப்போயின. காரணம், நமக்குச் சாதாரண ஜலதோஷம் தருகிற ஒரு வைரஸ். நமக்கு ஆவி பிடித்தால் போகிற சளி அவற்றுக்கு எமன். எறியாதீர்கள் என்று நான் கத்தியது இதற்குத்தான்.

"காசு கொடுத்துத்தானே போனோம்?" காசு பார்ப்பதற்கு.

அழகர்கோவில் மலையில் குரங்குக்குக் கடலை போட்டு வளர்ந்தவள்தான் நானும். எங்கள் அப்பத்தா கையில் பொட்டலத்தைத் திணித்து "போடுத்தா, புண்ணியம்" என்பாள். அது பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே குரங்கு பின்னால் அப்பத்தாவின் பையைப் பிடுங்கியபோது கையில் ஆறு தையல். குரங்கை அடித்து விரட்டினார்கள். பழக்கிவிட்டவர்கள் நாங்கள், அடி வாங்கியது அது.

எனக்கு உண்மையில் வலித்தது வேறு. "வெளிநாட்டில் வந்து நம்ம ஆளையே விட்டுக்கொடுத்துட்டியே" என்று எழுதியிருக்கிறீர்கள். பிஸ்கட் எறிந்த அந்த அண்ணனை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும். உகாண்டா தலைநகர் கம்பாலாவுக்கு வந்த புதிதில் நான் மலேரியாவில் கிடந்தபோது, அண்ணி வைத்த ரசத்தைத் தூக்குவாளியில் தினமும் கொண்டுவந்து கொடுத்தவர். அவரை அவமானப்படுத்த எனக்கு என்ன ஆசை? ஆனால் பராமரிப்பாளர் மரியாதையாக "வேண்டாம் ஐயா" என்று இரண்டு முறை சொன்னபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொன்னதை நம்மில் யாராவது ஒருவர் கேட்டிருந்தால் நான் கத்தியிருக்கவே மாட்டேன். இந்த ஊர்க்காரர் சொன்னால் நம் காதில் ஏறாதா? அவர் வீட்டுக்குத்தானே நாம் விருந்தாளியாகப் போயிருந்தோம்? இதைக் கேட்டால் நான் துரோகி. சரி, இருந்துவிட்டுப் போகிறேன். அண்ணனின் எண்ணிலிருந்து நேற்று ராத்திரியோடு எனக்குப் பதில் வருவது நின்றுவிட்டது.

நீங்கள் எல்லோரும் படகில் ஏறி லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பராமரிப்பாளர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அதே பிஸ்கட் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். பையில் இருந்தது, கொடுத்தேன். பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்து, ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டார். உறையின் நீளத்தையும் விரற்கடையால் அளந்தார். பாக்கெட்டை எடுத்த சிம்பன்சி ராத்திரி கூண்டுக்குத் திரும்பியதும் அதன் சாணத்தில் பிளாஸ்டிக் வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். எத்தனை நாள் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். "வரும்வரை" என்றார்.