குடிக்காதவருக்கும் வரும்

"குடிப்பழக்கம் இல்லாதவனுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரவே வராது, வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு.

குடி ஒரு காரணம், சரி. ஆனால் உலக அளவில் பெரிய காரணம் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள். பி வைரஸ் பிரசவத்தின்போதே தாயிடமிருந்து குழந்தைக்கு ஒட்டிக்கொண்டு, பல வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். தைவானில் 1984இல் பி வைரஸுக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கிய பிறகு, சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் நன்றாகவே குறைந்தது. அந்தப் பிள்ளைகள் என்ன, சாராயமா குடித்தார்கள்?

அப்புறம் கொழுப்புக் கல்லீரல், சர்க்கரை நோய். பூசணம் பிடித்த வேர்க்கடலையும்தான். மூட்டையின் அடியில் சுருங்கி, பச்சையாகப் பூத்துக் கிடக்குமே, அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் முழுசாகப் போகாது. யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஆரம்பத்தில் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. வலது விலாவுக்குக் கீழே வலி, எடை குறைவது, வயிற்றில் நீர், மஞ்சள் காமாலை எல்லாம் பெரும்பாலும் முற்றிய பிறகுதான். அதனால்தான் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன நோய், உள்ளவர்களை 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். கட்டி சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் அறுவை சிகிச்சை, மாற்றுக் கல்லீரல், ஊசி வழியாகக் கட்டியைச் சுட்டு அழிப்பது என்று வழிகள் உண்டு.

பி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை போதும். லேபில் எச்பிஎஸ்ஏஜி என்று கேளுங்கள்.