ஆற்றில் மீன் இல்லையென்றால் தண்ணீரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

தாமிரபரணியில் ஒரு மீன் காணாமல் போனாலும், புதிதாக ஒன்று தென்பட்டாலும் உடனே வருகிற தீர்ப்பு ஒன்றுதான்: "தண்ணி கெட்டுப்போச்சு." சாக்கடை கலப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த மீன் எங்கே இருக்கும் என்பதில் தற்செயலுக்கும் பெரிய பங்கு உண்டு. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதுகுத் துடுப்பு இழை இழையாக நீளுமே, அந்த டாகின்சியா கெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிப் படுகையில் இருப்பது டாகின்சியா அருலியஸ். இங்கே இருப்பது அதன் நெருங்கிய சொந்தமான டாகின்சியா தாம்பிரபர்ணியை (Dawkinsia tambraparniei) என்ற வகை. தாமிரபரணிப் படுகையை விட்டால் வேறெங்கும் இது கிடையாது. அருலியஸுக்கு நம் தண்ணீர் பிடிக்காமல் போய்விட்டதா? அப்படித் தோன்றவில்லை. இரண்டும் கல்லும் ஓட்டமும் உள்ள இடத்து மீன்கள்தான். நடுவில் வழி இல்லை, அதனால் வரவில்லை.

ஒரே ஆற்றுக்குள் வந்தால் சூழலின் கை ஓங்குகிறது. பாபநாசத்துக்கு மேலே பாய்ச்சலில் நிற்க, வாயடியில் ஒட்டுத்தட்டு உள்ள கல்லொட்டியால் முடியும். விராலுக்கு அங்கே வேலையில்லை. கீழே ஸ்ரீவைகுண்டம் பக்கம் சேறும் பாசியும். ஆக்சிஜன் குறைந்தாலும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் விரால் அங்கே ராஜா. இடையில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் தண்ணீர் தேங்குகிறது. ஜிலேபிக் கெண்டை குழி பறித்துக் குடும்பம் நடத்த அதைவிட வசதி வேண்டாம். கடலில் பிறந்து ஆறேறும் விலாங்குக் குஞ்சு ஈரச் சுவரில் ஊர்ந்து ஏறிவிடும். கெண்டையால் முடியாது. அதே சுவர்தான், ஒன்றுக்குக் கதவு, இன்னொன்றுக்குப் பூட்டு.

தற்செயலைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? கோடையில் ஆறு அறுந்து கசம் கசமாக, அதாவது ஆழமான குட்டைகளாக, நிற்கும்போது பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கசம். ஒரே ஆழம், ஒரே மணல், ஒரே ஆக்சிஜன் அளவு என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஒரு வகை மீன் நான்கே நான்கு மிஞ்சியிருக்கிறது. ஆணோ பெண்ணோ சமவாய்ப்பு என்றால், நான்கும் ஒரே பாலாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. இரண்டுதான் மிச்சம் என்றால் இரண்டில் ஒன்று. பத்து இருந்தால் 512-இல் ஒன்றுதான். தண்ணீர் சுத்தமாக இருக்கும்போதே அந்தக் கசத்தில் அந்த மீனின் வம்சம் முடிந்துவிடலாம். அடுத்த வெள்ளம் வேறு கசத்திலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. குறைந்தது பத்திருபது கசங்களில் மீன் பட்டியல் எடுங்கள். ஆற்றின் மொத்தப் பட்டியலிலிருந்து, ஒவ்வொரு கசத்திலும் எத்தனை வகை இருந்ததோ அத்தனை வகையை, கணினியை விட்டுக் குலுக்கல் முறையில் 999 தடவை எடுக்கச் சொல்லுங்கள். நிஜக் கசங்கள் குலுக்கிய கசங்களைவிட ஒன்றையொன்று அதிகமாக ஒத்திருந்தால் சூழல் வடிகட்டியிருக்கலாம். வித்தியாசம் தெரியவில்லை என்றால் தற்செயலின் பங்கு கூடுதல். ஒரு எச்சரிக்கை: அளக்காமல் விட்ட சூழல் எல்லாம் தற்செயல் வேடம் போட்டுக்கொண்டு வரும். அதனால் ஆழம், நீரோட்ட வேகம், வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், அடிமண் எல்லாவற்றையும் கசத்துக்குக் கசம் குறித்தே ஆகவேண்டும். தூரத்தையும் ஆற்று வழியாகவே அளக்க வேண்டும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்த தூரம் மீனுக்கு உதவாது.

பலர் சறுக்குவது வலையில்தான். கண் பெரிய வலையில் அயிரை நழுவிவிடும். பகலில் வீச்சு வலை மட்டும் போட்டால் இரவில் மேயும் கெளுத்தி கணக்கிலேயே வராது. ராத்திரி தூரி என்ற மீன்பொறியை வைத்துக் காலையில் எடுக்க வேண்டும். எண்ணிக்கை வேண்டுமென்றால் இரு முனையிலும் வலை கட்டி அடைத்துவிட்டு, தடவைக்குத் தடவை உழைப்பு மாறாமல் இரண்டு தடவை பிடியுங்கள். பிடித்ததைத் தொட்டியில் வைத்திருந்து கடைசியில் விடுங்கள். முதலில் 60, அடுத்து 24 கிடைத்தால், 60-ஐ 60-ஆல் பெருக்கி, வித்தியாசமான 36-ஆல் வகுத்தால் 100. ஏறத்தாழ நூறு மீன். முதல் வீச்சில் மிரண்ட மீன் இரண்டாவதில் பொந்துக்குள் பதுங்கினால் விடை குறைவாக வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இதெல்லாம் தெரியாமல்தான் "மீன் வளம் பெருக்குகிறோம்" என்று கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை ஆற்றில் கொட்டி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். நம் கெண்டை குறைந்ததற்குக் காரணம் சாக்கடையா, சுவரா, கசத்தில் நேர்ந்த தற்செயலா என்று பார்க்காமலே மருந்து கொடுக்கிற வேலை இது. சுவர்தான் காரணம் என்றால் அதைத் தாண்டி மீன் ஏறிப்போக மீன்வழி கட்டவேண்டும். கசம் சுருங்கியதுதான் காரணம் என்றால் மணல் அள்ளுவதை நிறுத்தி, கோடையில் அந்தக் கசத்தில் வலை போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

2023 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்று வந்து கசங்களையெல்லாம் ஒன்றாக்கிவிட்டுப் போன பிறகு, ஒரே ஒரு நாள் வலை வீசிவிட்டு "இந்த மீன் அழிந்துவிட்டது" என்று எழுதுவதையும் பார்க்க முடிகிறது. வலையில் விழவில்லை என்பது வேறு, ஆற்றில் இல்லை என்பது வேறு. எந்த மாதம், எத்தனை வீச்சு, வலைக்கண் எத்தனை மில்லிமீட்டர், இரவா பகலா, இந்த நான்கும் இல்லாத அறிக்கையை நான் இரண்டாம் பக்கத்துக்குமேல் படிப்பதில்லை.