துளை போட்ட டிஸ்க் தேவையா?

வேகமான கார் என்றால் துளையிட்ட பிரேக் டிஸ்க்தான் (சக்கரத்தோடு சுழலும் தட்டு, இதை அழுத்திப் பிடித்துத்தான் பிரேக் வேலை செய்கிறது) சரி என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. சாலையில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு அது தேவையே இல்லை. என் பழைய டிஸ்க்கைக் கழற்றியபோது துளைகளைச் சுற்றி முடி போல விரிசல்கள். ஒன்று அடுத்த துளையையே தொட்டிருந்தது. இப்போது போட்டிருப்பது துளையில்லாத, நடுவில் காற்று போகும் வழியுள்ள சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க். விலையும் குறைவு. மிச்சப் பணத்தை நல்ல பேடுக்கும் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) புது பிரேக் ஆயிலுக்கும் போடுங்கள், மிதிக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

அப்புறம், மாட்டும் முன் ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) மேலுள்ள துருவைக் கம்பி பிரஷால் சுத்தமாகத் தேயுங்கள். கொஞ்சம் துரு இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்காரும். ஓட ஓடத் தடிமன் சீரில்லாமல் தேய்ந்து, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.