தங்கள் என்றொரு சொல்

ஆறாம் வகுப்பில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த தமிழ் ஐயா, கடைசி வரியாக ‘தங்கள் உண்மையுள்ள’ என்று எழுதச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடலூரில் வளர்ந்த எனக்குத் ‘தங்கள்’ என்றால் ஓர் ஆள். மலைக்குக் கீழே மலப்புறம் பக்கம் இருப்பவர், வெள்ளை உடுப்புக்காரர், நபியின் வம்சம்.

அதற்கு முந்தைய வருடம் எனக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி, ஆஸ்பத்திரி எல்லாம் ஆன பிறகும் நன்னியின் நச்சரிப்பு ஓயவில்லை. அத்தா என்னை நாடுகாணிச் சுரம் இறங்கும் பஸ்ஸில் ஏற்றி ஒரு தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாசலில் கூட்டம். சொத்துத் தகராறு, ஓடிப்போன மகன், கறக்காத மாடு என்று ஆளுக்கொரு பிரச்சினை. நெற்றியில் சந்தனம் வைத்தவர்களும் வரிசையில் இருந்தார்கள். உள்ளே இருந்த தங்களுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். கடைத்தெருவில் யாருக்கும் குனியாத என் அத்தா அவர் கையைப் பிடித்து முத்தமிட்டார். அந்த இளைஞர் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தார். காசு கேட்கவில்லை. அத்தாதான் எதையோ கையில் வைத்து அழுத்தினார்.

இப்போது யோசித்தால் அந்த ‘எதையோ’ கூட ஒரு சட்டத்துக்கு உட்பட்டதுதான். நபியின் குடும்பத்தார் ஜகாத் என்ற கட்டாய தர்மத்தை வாங்கக்கூடாது. சையிது, அதாவது நபி வம்சத்தவர், எவ்வளவு ஏழையாக இருந்தாலும் இதுதான் பொதுவான விதி. ஆகவே அவர்களுக்குக் கொடுப்பது தர்மம் ஆகாது, ‘ஹதியா’, அன்பளிப்பு. கொடுப்பவர் கீழே, வாங்குபவர் மேலே. கை நீட்டி வாங்குபவருக்கு இந்த மரியாதை கிடைப்பது அபூர்வம்.

மலபாரின் தங்கள்களில் பெரும்பாலோர் ஏமனின் ஹள்ரமவ்த் பள்ளத்தாக்கிலிருந்து, அதிலும் தரீம் என்ற ஊரிலிருந்து கடல் வழியாக வந்த பா அலவி குடும்பங்கள். அதே குடும்பங்கள் ஜாவாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போயின. மலபாரில் அவர்களுக்குக் கிடைத்த பெயர்தான் ‘தங்கள்’. ‘தான்’ என்பதன் மரியாதைப் பன்மை, அவ்வளவுதான். பெயரே ஒரு பிரதிப்பெயர்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகப் பிடித்த ஒரு மனிதர் வருகிறார், மம்புறம் சையிது பசல் பூக்கோயா தங்கள். இவருடைய தந்தை சையிது அலவி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரீமிலிருந்து வந்து திரூரங்காடிக்கு அக்கரையில், மம்புறத்தில் தங்கியவர். அவருடைய காரியஸ்தராக இருந்தவர் கோந்து நாயர். பக்கத்து மூன்னியூர் காவு என்ற இந்துக் கோயிலின் களியாட்டத் திருவிழாவுக்கு நாள் குறித்துக் கொடுத்ததே சையிது அலவிதான் என்பது இன்றும் அந்த ஊர் நம்பிக்கை. வெளியூரிலிருந்து வந்தவர் என்பதால் உள்ளூர் சாதி ஏணியில் அவருக்கென்று ஒரு படி இல்லை. அதனாலேயே எந்தப் படியில் இருப்பவரும் அவரிடம் போக முடிந்தது என்று நினைக்கிறேன்.

மகன் பசல் இன்னும் ஒரு படி தாண்டினார். குடியானவர்களான மாப்பிளாக்களிடம், அதாவது மலபார் முஸ்லிம்களிடம், அவர் சொன்னது மூன்று விஷயங்கள்: வெள்ளிக்கிழமை ஏர் பூட்டாதே, ஜென்மியின் (நிலவுடைமைக்காரரின்) எச்சில் சோற்றைத் தின்னாதே, நாயர்களை மரியாதைச் சொல் போட்டு விளிக்காதே. முதலிரண்டை விடுங்கள். மூன்றாவதை நினைத்துப் பாருங்கள். மேல்சாதிக்காரன் முன்னால் தன்னையே ‘அடியன்’ என்று சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருந்த மண் அது. அங்கே ஒருவன் சாதாரணமாக ‘நீ’ என்று பேச ஆரம்பித்தால் அது ஏறக்குறைய கலவரம். வெள்ளைக்காரனுக்கும் அது புரிந்தது. மாப்பிளா எழுச்சிகளுக்கு இவர்தான் தூண்டுகோல் என்று சந்தேகப்பட்டார்கள், ஆனால் வழக்கு நடத்தித் தண்டிக்கவில்லை. கலெக்டர் கனோலியின் ஏற்பாட்டில் பேசிப் பேசியே 1852 மார்ச்சில் குடும்பத்தோடு கப்பலேற்றி அரேபியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். வழியனுப்பப் பரப்பனங்காடிக்குப் பின்னால் நடந்தவர்கள் ஏழெட்டாயிரம் பேர். மூன்று வருடம் கழித்து கனோலி வெட்டிக் கொல்லப்பட்டார். பசல் தங்கள் பிறகு இன்றைய ஓமானில் இருக்கும் டோபாரைச் சில காலம் ஆண்டு, கடைசியில் இஸ்தான்புல்லில் இறந்தார்.

பிறப்பால் வரும் பெருமையை நான் ஏற்பதில்லை. ஆனால் பிறப்பால் வந்த மரியாதையை ஒருவர் ஏழையின் முதுகெலும்புக்குச் செலவு செய்ததை எப்படி மறுப்பது? 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது, கேரள முஸ்லிம் லீக் தலைவர் பாணக்காடு முகம்மதலி ஷிஹாப் தங்கள் அமைதி காக்கச் சொன்னார். கட்சிக்குள்ளேயே கோபம். கட்சி உடைந்தது. மலப்புறம் எரியவில்லை. ஒரு சாதாரண அரசியல்வாதி அதைச் சொல்லியிருந்தால் அந்தக் கோபத்தில் யார் கேட்டிருப்பார்கள்?

இதுவரை சொன்னது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1973 முதல் இன்றுவரை கேரள முஸ்லிம் லீக்கின் மாநிலத் தலைவர் பதவி பாணக்காட்டு ஒரே குடும்பத்தில் தந்தை, மகன், தம்பி, அடுத்த தம்பி என்று போகிறது. அவர்கள் மந்திரி பதவிக்கு ஆசைப்படவில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வாக்குக் கேட்டே வராத ஒருவரை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

ஏமனில் இதே வம்சப் பெருமை எங்கே போய் நிற்கிறது என்றும் பார்க்கலாம். அங்கே வடக்கில் சையிது இமாம்கள் 1962 வரை ஆண்டார்கள். இன்று ஹூத்திகளின் கையில் இருக்கும் பகுதியில், 2020இல், கனிமம் முதலான வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து அதில் நபி வம்சத்தாருக்குத் தனி ஒதுக்கீடு செய்யும் விதியைக் கொண்டுவந்தார்கள். அன்பளிப்பு வரியாகிவிட்டது.

நான் உண்மையில் சொல்ல வந்தது இது எதுவும் அல்ல.

கோவையில் என்னோடு படித்தவள் ஒருத்தி, தங்கள் வீட்டுப் பெண். அந்த வீட்டுப் பெண்களை ‘பீவி’ என்பார்கள். வகுப்பில் எங்களுக்குள் நீ, வா, போ தான். அவளுடைய அண்ணன் ஒரு சாதாரண மாப்பிளா குடும்பத்தில் பெண் எடுத்தார். ஊரே கொண்டாடியது. பெண் வீட்டாருக்குப் பரக்கத் (இறையருள்) வந்ததாகப் பேச்சு. இரண்டு வருடம் கழித்து ஒரு பள்ளி ஆசிரியர் இவளைக் கேட்டு வந்தார். தொழுகையாளி, நல்ல மனிதர், ஆனால் தங்கள் அல்ல. வீட்டில் யாரும் சத்தம்கூடப் போடவில்லையாம். ‘கபு இல்லை’ என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. அவளுக்கு இன்று நாற்பத்தாறு வயது. திருமணம் ஆகவில்லை.

‘குபு’ என்று சரியாக உச்சரிக்க வேண்டும், கூடலூர் வாயில் ‘கபு’ ஆகிவிட்டது. திருமணப் பொருத்தம் என்று பொருள். ஷாபி மத்ஹப் என்ற சட்ட மரபில் வம்சமும் அந்தப் பொருத்தத்தில் ஒரு கூறு. சட்டப் புத்தகத்தில் அது பெண்ணுக்கும் அவளுடைய ‘வலி’க்கும், அதாவது தந்தை போன்ற பொறுப்பாளருக்கும், உள்ள உரிமை. அவர்கள் சம்மதித்தால் விட்டுக்கொடுக்கலாம் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நடைமுறையில் அது பூட்டு. ஆண்கள் போன கரையில் எல்லாம் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள், பிள்ளைகள் சையிதுகள் ஆனார்கள். இந்த வம்சம் இந்துமாக்கடல் முழுக்கப் பரவிய ரகசியமே அதுதான். பெண்களை மட்டும் வெளியே கொடுக்கவில்லை.

இந்தச் சண்டை புதிதும் அல்ல. 1905இல் சிங்கப்பூரில் ஒரு சையிது பெண்ணை இந்திய முஸ்லிம் ஒருவர் மணந்தது கெய்ரோ வரை பத்வா யுத்தமானது. பிறகு 1913 வாக்கில் ஜாவாவின் சோலோ நகரில், வறுமையால் ஒரு சையிது பெண் திருமணமே இல்லாமல் ஒரு சீனரோடு வாழ்கிறாள் என்ற பேச்சு, சூடானிலிருந்து வந்திருந்த அறிஞர் அகமது சுர்கத்தியின் முன்னால் வந்தது. பணம் திரட்டி அவளை மீட்கலாமே என்றார், யாரும் முன்வரவில்லை. சரி, ஒரு முஸ்லிம் அவளைக் கட்டிக்கொள்ளட்டும், சையிதாக இல்லாவிட்டால் என்ன என்றார். வந்ததே கோபம்! அவள் வாழ்ந்த வாழ்க்கை மானக்கேடாகத் தெரியவில்லை, வேறு குலத்தானோடு நிக்காஹ் என்பது மானக்கேடாகிவிட்டது. அடுத்த வருடம் சுர்கத்தியின் தரப்பு அல்இர்ஷாத் என்ற அமைப்பைத் தொடங்கியது. கை முத்தம் வேண்டாம் என்றது. 1930களில் ‘சையிது’ என்றால் வெறும் ‘திரு’ தான், யாரும் போட்டுக்கொள்ளலாம் என்றும் வாதிட்டது. சொல்லுக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்பவர்கள் மேலே போய் பசல் தங்களை ஒரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.

இந்தோனேசியாவில் சில வருடங்களாக வேறொரு சண்டை. பா அலவி வம்சாவளியே உண்மைதானா என்று ஒரு மௌலவி கேள்வி எழுப்ப, டிஎன்ஏ சோதனை வரை பேச்சு போய்விட்டது. எனக்கு அதில் ஆர்வமில்லை. நம் நாகூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சாகுல் ஹமீது ஆண்டகை திருமணம் செய்யாதவர். வளர்ப்பு மகன் யூசுப் சாகிபின் வழிவந்தவர்கள்தான் தர்காவின் சாகிபுமார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. இரத்தம் இல்லாமலே அங்கே வம்சம் நடக்கிறது, கொடியும் ஏறுகிறது, சந்தனமும் பூசப்படுகிறது.

என் ஆதங்கம் வேறு. நபியின் மகன்கள் எல்லாரும் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். உலகத்திலுள்ள ஒவ்வொரு சையிதும் பாத்திமா என்ற மகள் வழியாகத்தான் சையிது. மகள் வழி வந்த ஒரு வம்சம், ‘மகள் வழி செல்லாது’ என்று சட்டம் பேசுகிறது! இதை என் தோழியிடம் சொன்னபோது, “இதை நான் பதினெட்டு வயசிலேயே எங்க உப்பாகிட்டே கேட்டுட்டேன்” என்றாள். என்ன சொன்னார் என்றேன். ஸலவாத் என்ற வாழ்த்தை ஓதச் சொன்னாராம். நாம் ஒவ்வொரு தொழுகையிலும் நபியின் குடும்பத்தார் மீது ஸலவாத் சொல்கிறோம். நானும் சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தாரில் இவளும் ஒருத்தி அல்லவா?

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன்னால் அவளுக்கு அனுப்பினேன். இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் அண்ணன் மகனுக்கு நிக்காஹ் என்றாள். பெண் வீடு தங்கள் குடும்பமா என்று கேட்டேன். இல்லையாம், மஞ்சேரியில் மரக்கடை வைத்திருப்பவர்களாம். “குடும்பத்தோட வந்துடு, பிரியாணி நல்லா இருக்கும்” என்றாள்.